கல்லணையிடம் பாடம் கேட்டவர்



வெளியூர் நண்பர்களைக் கங்கைகொண்ட சோழபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போன அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. உள்ளே நுழைந்ததும் எல்லோரும் அண்ணாந்துதான் பார்ப்பார்கள். சுமார் 55 மீட்டர் உயர விமானம் ஆயிற்றே! வாயைத் திறந்து பார்த்துவிட்டு, நந்தியைச் சுற்றி வந்து, சிங்கமுகக் கிணற்றில் எட்டிப் பார்த்துவிட்டு, புல்வெளியில் உட்காருவார்கள். அப்போது அவர்களில் கொஞ்சம் விவரமான ஒருத்தர் கேட்பார்: ஏம்பா, இவ்வளவு பெரிய கோயிலுக்கு ஏத்த மதில் எங்கே? இந்த வாசல் கோபுரம் ஏன் இப்படி மொட்டையா நிக்குது?

நம்ம ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் பதில் தெரியும். தெற்கே கைகாட்டி, மதில் கல்லெல்லாம் அணைக்கரையில இருக்கு என்போம். கும்பகோணம் பஸ்ஸில் ஏறினால் சுமார் பத்து கிலோமீட்டர். கொள்ளிடத்தின் குறுக்கே 1836-ல் கட்டிய கீழணை அது. அதற்குக் கல் வேண்டும் என்று கம்பெனி அரசாங்கத்தார் ராஜேந்திர சோழன் கட்டிய கோயிலின் மதிலைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள்.

அந்த அணைத் திட்டத்தை வகுத்த இஞ்சினியர் யார் என்று கேட்டால் சிவில் மாணவர்கள் சட்டென்று சொல்வார்கள்: சர் ஆர்தர் காட்டன். இந்தியப் பாசனத்தின் தந்தை என்று பாடப் புத்தகத்தில் படித்த அதே காட்டன்தான்.

இங்கேதான் நமக்கு ஒரு சங்கடம். ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டால், கோயிலை இடித்த வெள்ளைக்காரன் என்பார்கள். காட்டுமன்னார்கோயில் பக்கத்து விவசாயியிடம் கேட்டால், அந்த அணை இல்லேன்னா எங்களுக்கு ஏது சோறு என்பார். இரண்டில் எது சரி? அல்லது இரண்டுமே சரியா? ஒரு மனிதரைப் பற்றி இரண்டு விதமான பேச்சு வரும்போது, நமக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டு மற்றதை ஒதுக்குவது சுலபம். எடுத்துப் பார்த்து, நிறுத்துப் பார்த்து முடிவுக்கு வருவதுதான் அறிவியல் வழி. அந்த வழியிலேயே காட்டனின் வாழ்க்கையைக் கொஞ்சம் பார்ப்போமே!

பதினெட்டு வயதில் சென்னைக்கு

ஆர்தர் தாமஸ் காட்டன் 1803-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் தேதி இங்கிலாந்தில் பிறந்தார். ஹென்றி கால்வெலி காட்டன் என்பவரின் பத்தாவது மகன். பத்தாவது பிள்ளைக்குச் சொத்து என்று பெரிதாக என்ன மிஞ்சும்? உழைத்துத்தான் பிழைக்க வேண்டும். பதினைந்து வயதில், கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைக்கு இளைஞர்களைத் தயார் செய்வதற்காக நடத்திவந்த அடிஸ்கோம்ப் பள்ளியில் சேர்ந்தார். நாம் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு டிப்ளமோவுக்கு வருகிறோமே, ஏறத்தாழ அதே வயது!

1819-ல் மதராஸ் இஞ்சினியர் படையில் அவருக்கு வேலை கிடைத்தது. வேல்ஸ் பகுதியில் கொஞ்ச காலம் நில அளவை வேலை பழகினார். 1821-ல் சென்னையில் வந்து இறங்கியபோது அவருக்கு வயது பதினெட்டு.

முதலில் தலைமை இஞ்சினியர் அலுவலகம். பிறகு ஏரிகளைக் கவனிக்கும் பிரிவின் தெற்கு வட்டாரம். கோவை, மதுரை, நெல்லை, திருச்சி, தஞ்சை எல்லாம் அதற்குள் அடக்கம். பாம்பன் கால்வாய்ப் பகுதியை அளந்தார். 1824-ல் பர்மா யுத்தம் வந்ததும் அங்கே அனுப்பப்பட்டார். திரும்பி வந்தவரிடம் 1828-ல் ஒரு பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது: காவிரிக்கு என்ன ஆயிற்று என்று பார்.

நோய் எங்கே இருக்கிறது?

காவிரிக்கு ஒரு பெரிய நோய் வந்திருந்தது. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. தெற்குக் கிளை காவிரி, வடக்குக் கிளை கொள்ளிடம். தஞ்சைத் தரணிக்குச் சோறு போடுவது காவிரி. கொள்ளிடம் பெயருக்கு ஏற்றபடி வெள்ளத்தைக் கொள்ளும் இடம். மிஞ்சிய தண்ணீரைக் கடலுக்குக் கொண்டுபோகும்.

கொள்ளிடம் நேராகவும் சரிவாகவும் ஓடுகிறது. அதனால் அதில் வேகம் அதிகம். வேகம் அதிகமானால் படுகை அரிக்கும். படுகை பள்ளமானால் இன்னும் அதிகத் தண்ணீர் அந்தப் பக்கம் போகும். காவிரியிலோ நேர் எதிர். தண்ணீர் குறையக் குறைய மணல் படியும். மணல் படியப் படிய தண்ணீர் இன்னும் குறையும். இப்படியே விட்டால் ஒரு நாள் காவிரி மணல் மேடாகவும், தஞ்சை தரிசாகவும் போகும் நிலை.

அதுவரை நடந்துவந்த வைத்தியம் என்ன? வருஷா வருஷம் காவிரியில் தூர் வாருவது, கரையைப் பலப்படுத்துவது. வாரிய மணல் அடுத்த வெள்ளத்தில் மறுபடியும் வந்து படியும். மறுபடியும் ஆள், மறுபடியும் செலவு.

எங்கள் வீட்டுச் சுவரில் ஓதம் அடித்தபோது நாங்களும் இதைத்தான் செய்தோம். பூச்சு உதிர்ந்தால் கொத்திவிட்டுப் பூசுவது, பெயிண்ட் அடிப்பது, அடுத்த ஐப்பசியில் மறுபடியும் உதிர்வது. மூன்று வருஷம் பணம் போன பிறகுதான், சுவருக்குப் பின்னால் குளியலறைத் தண்ணீர் தேங்குவதை அம்மா கவனித்தார்கள். சின்னதாக ஒரு வாய்க்கால் வெட்டிவிட்டோம். சுவர் தானே காய்ந்துபோயிற்று!

காட்டன் செய்ததும் அம்மா செய்ததுதான். மணல் படிந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருக்காமல், மணல் ஏன் படிகிறது என்று பார்த்தார். நோய் தஞ்சையில் இல்லை, முக்கொம்பில் இருக்கிறது. கொள்ளிடத்தின் தலைப்பில் குறுக்கே ஓர் அணை போட்டு நீர்மட்டத்தைக் கொஞ்சம் உயர்த்தினால், காவிரிக்கு வேண்டிய தண்ணீர் தானே திரும்பும். வெள்ளம் வந்தால் அணைக்கு மேலே வழிந்து கொள்ளிடத்தில் போய்விடும். காகிதத்தில் திட்டம் அழகாகத்தான் இருந்தது. ஆனால், அஸ்திவாரம்?

கல்லணை சொல்லிக்கொடுத்தது

தோண்டத் தோண்ட மணல். பாறை என்பதே கண்ணில் படவில்லை. மணல்மேல் கட்டிய வீடு நிற்காது என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். வெள்ளம் புரளும் ஆற்றின் நடுவே, ஆழம் தெரியாத மணலின்மேல் அணை எப்படி நிற்கும்?

இந்தக் கேள்விக்கு விடை இங்கிலாந்துப் புத்தகத்தில் இல்லை. முக்கொம்புக்குக் கிழக்கே, திருவரங்கத் தீவு முடிகிற இடத்தில் கண்ணெதிரே கிடந்தது. கரிகாலன் கட்டியது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் நம் கல்லணை! 1,080 அடி நீளம், 40 முதல் 60 அடி அகலம், 15 முதல் 18 அடி உயரம். அதுவும் மணல்மேல்தான் உட்கார்ந்திருந்தது. ஆயிரம் ஆண்டுக்கு மேலான வெள்ளங்களைப் பார்த்தும் நின்றுகொண்டிருந்தது.

மற்றவர்களும் கல்லணையைப் பார்த்தார்கள். ஆகா, என்ன அதிசயம் என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். காட்டன் நகரவில்லை. இது ஏன் நிற்கிறது என்று கேட்டார். கட்டுமானத்தைப் பார்த்தால், உள்ளே கரடுமுரடான கல்லும் களிமண்ணும்தான் இருந்தன. அப்படியென்றால் ரகசியம் சாந்தில் இல்லை.

அவர் கண்டுபிடித்தது இதுதான். கனமான கல்லை ஆற்று மணலில் போட்டால், தண்ணீர் அதன் அடியில் மணலை அரிக்கும். கல் கீழே இறங்கும். அதன்மேல் இன்னொரு கல். அதுவும் கொஞ்சம் இறங்கும். விடாமல் போட்டுக்கொண்டே வந்தால், அரிப்பு எட்டாத ஆழத்துக்குக் கல் போய்ச் சேர்ந்ததும் இறங்குவது நின்றுவிடும். அதன்மேல் தைரியமாகக் கட்டலாம். பாரம் தாங்காதது மணலின் குற்றம் இல்லை. மணல் அரித்துக்கொண்டு போவதுதான் ஆபத்து. அரிப்பைத் தடுத்துவிட்டால் மணலே நல்ல அஸ்திவாரம்! இன்றைக்கு நாம் ஸ்கவர், ஏப்ரன் என்று ஹைட்ராலிக்ஸ் வகுப்பில் எழுதிக்கொள்கிறோமே, அதன் சாரம் இவ்வளவுதான்.

இந்தப் பாடத்தைத் தாம் எங்கே படித்தோம் என்பதைக் காட்டன் மறைக்கவில்லை. முதிய வயதில், 1874-ல் எழுதியபோதும், ஆழம் தெரியாத மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையை அந்தப் பழைய அணையைக் கட்டியவர்களிடமிருந்தே கற்றதாக ஒப்புக்கொண்டார். அது மட்டுமில்லை. சண்டை போடுவதில் கெட்டிக்காரர்களான இந்த வெள்ளைக்காரர்களுக்கு, நம் பழைய ராஜாக்கள் கட்டிவைத்ததை ரிப்பேர் பார்க்கக்கூடத் துப்பில்லையே என்று இந்நாட்டு மக்கள் ஏளனமாகப் பேசியதையும் அவரே பதிவு செய்திருக்கிறார். ஆளும் வர்க்கத்தைச் சேர்ந்த ஒருவர் தம்மவர்மேல் விழுந்த ஏச்சை எழுதிவைப்பது சாதாரண காரியமா?

உறைகிணறும் அணையும்

மேலணைக்கு அஸ்திவாரம் போட அவர் எடுத்துக்கொண்ட இன்னொரு முறையும் நம் வீட்டுக் கொல்லையில் இருப்பதுதான். மணற்பாங்கான இடத்தில் உறைகிணறு எப்படி இறக்குவார்கள்? வட்டமாக உறையை வைத்து, உள்ளே இருந்து மணலை அள்ளுவார்கள். அள்ள அள்ள உறை தன் பாரத்தாலேயே கீழே இறங்கும். மேலே இன்னொரு உறை வைப்பார்கள்.

இதே முறையில், ஆற்றின் குறுக்கே வரிசையாகக் கிணறுகளை இறக்கி, உள்ளே நிரப்பி, அவற்றின்மேல் அணைச் சுவரை எழுப்பினார்கள். பெரிய பாலங்களுக்கு நாம் வெல் ஃபவுண்டேஷன் என்று டிராயிங் போடுகிறோமே, அதற்குப் பாட்டன் நம் கிராமத்து உறைகிணறு! கிணறு இறக்கிய தொழிலாளர்களின் பெயரை எந்தக் கல்வெட்டிலும் காணோம். அவர்கள் கையில் இருந்த வித்தை அணைக்கு அடியில் இருக்கிறது.

முக்கொம்பு மேலணை சுமார் 750 கஜ நீளம். உயரமோ ஏழு அடிக்கு மேல் இல்லை. ஆற்றை மறிப்பது அதன் வேலை இல்லை. கொஞ்சம் திருப்பிவிடுவதுதான் வேலை. 1836-ல் அது முடிந்தது.

அதே ஆண்டில் நம் பக்கத்துக் கீழணையும் முடிந்தது. அது எதற்கு என்று யோசித்துப் பாருங்கள். மேலே காவிரிக்குத் தண்ணீரைத் திருப்பினால், கீழே கொள்ளிடத்தை நம்பியிருக்கிற காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் பகுதிகள் என்ன ஆகும்? ஒருவர் வயலுக்குப் பாய்ச்சி இன்னொருவர் வயலைக் காயவிடுவது தீர்வு ஆகாது. ஆகவே கொள்ளிடத்தில் வந்து சேர்வதை அணைக்கரையில் பிடித்து, வடக்கு ராஜன், தெற்கு ராஜன் வாய்க்கால்களுக்கும், வடவாறு வழியாக வீராணம் ஏரிக்கும் அனுப்பினார்கள். 2004 முதல் அந்த வீராணத்துத் தண்ணீர் சென்னைவரை போகிறது.

தப்பு நடந்தது, திருத்தப்பட்டது

எல்லாம் சுபமாக முடிந்தது என்று நினைக்காதீர்கள். மேலணை வேலை செய்தது. தேவைக்கு மேலேயே வேலை செய்தது! சில வருஷத்துக்குள் காவிரிக்குள் அளவுக்கு மீறித் தண்ணீர் போகத் தொடங்கியது. மணல் மேடாகிக்கொண்டிருந்த காவிரி, இப்போது ஆழமாக அரிக்க ஆரம்பித்தது. நோய் தலைகீழாக மாறிவிட்டது.

என்ன செய்தார்கள்? அளந்தார்கள். 1840-களில் மேலணையின் ஒரு பகுதியின் உயரத்தைக் குறைத்தார்கள். காவிரியின் தலைப்பிலும் படுகை மேலும் ஆழமாகாதபடி குறுக்கே ஒரு கட்டுமானம் போட்டார்கள். ஆறு ஒரு நிதானத்துக்கு வந்தது.

நம் லேபில் ரீடிங் தப்பாக வந்தால் என்ன செய்கிறோம்? பக்கத்து பெஞ்ச் நோட்டைப் பார்த்துச் சரியான எண்ணை எழுதிக்கொள்கிறோம். (ஆசிரியர்கள் மன்னிக்கவும்!) ஆறு அப்படி விடாது. அது தன் ரீடிங்கைத் தானே காட்டும். அதைப் பார்த்துக் கணக்கைத் திருத்துவதா, கணக்கைக் கட்டிக்கொண்டு ஆற்றைக் குறை சொல்வதா என்பதில்தான் ஒரு பொறியாளரின் தரம் தெரிகிறது.

வேலைக்கு ஆயுள் உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. காலப்போக்கில் மாற்றங்களும் மதகுகளும் கண்ட முக்கொம்பு அணையில், 2018 ஆகஸ்டில் வந்த வெள்ளத்தில் கொள்ளிடம் பக்கத்து ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. பிறகு புதிய கதவணை கட்டப்பட்டது. கட்டியவர் கெட்டிக்காரர் என்பதற்காகப் பராமரிப்பை விட்டுவிட முடியுமா?

நம்ம ஊர்க் கல்

இனி, நாம் ஆரம்பத்தில் விட்ட இடத்துக்கு வருவோம்.

கீழணைக்குக் கல் வேண்டும். கொள்ளிடக் கரையில் எங்கே இருக்கிறது கல்? இரண்டு பக்கமும் வண்டலும் மணலும்தான். பக்கத்தில் இருந்த கருங்கல் என்றால் கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலில் இருந்தது. எண்ணூறு ஆண்டுக்கு முன் ராஜேந்திரன் தொலைவிலிருந்து கொண்டுவந்து, செதுக்கி அடுக்கிய கல். பட்டணம் பாழாகி, கோயில் கவனிப்பாரற்றுக் கிடந்த காலம் அது. கணக்குப் பார்த்த கம்பெனி ஆட்களுக்கு அது தயார் நிலையில் இருந்த கல் குவியலாகத் தெரிந்தது. மதில் ஏறக்குறைய முழுவதும் போயிற்று. சிற்பக் கற்களும் போயின.

ஊர் மக்கள் சும்மா இருந்தார்களா? இல்லை. 1855-ல் அச்சான ஒரு குறிப்பு அதைச் சொல்கிறது. ஏழை எளிய ஜனங்கள் தங்களால் ஆனமட்டும் தடுத்துப் பார்த்தார்கள். அந்தக் கோயிலின்மேல் அரசாங்கத்துக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை. ஆனாலும் தடுத்தவர்களுக்குத்தான் தண்டனை கிடைத்தது. கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாக ஒரு வாக்குறுதியும் தரப்பட்டது. பத்தொன்பது ஆண்டு கழித்து அந்தக் குறிப்பு அச்சான போதும் அது நிறைவேறவில்லை.

இதில் ஒரு வேதனையான பொருத்தம் இருக்கிறது. ராஜேந்திரனும் கொள்ளிடத்துத் தண்ணீரைத் திருப்பியவன்தான். கங்கை வெற்றியின் நினைவாகச் சோழகங்கம் என்ற பேரேரியை வெட்டி, கொள்ளிடத்திலிருந்து கால்வாய் வழியாக அதற்கு நீர் கொண்டுவந்தான். இன்றைக்குப் பொன்னேரி என்கிறோமே, அதுதான். நீர் நிறுத்தத் தெரிந்த ஒருவன் கட்டிய கோயிலின் கல்லை, நீர் நிறுத்துவதற்காகவே பெயர்த்தார்கள். கல்லணையின் முன்னால் மாணவனைப் போல நின்ற ஓர் இஞ்சினியரின் அணைக்காக இது நடந்தது.

கல்லணையில் அவர் கண்ணுக்குப் பட்டது அறிவு. இங்கே கம்பெனியின் கண்ணுக்குப் பட்டது வெறும் சரக்கு. கன அடி, வண்டி வாடகை, கூலி எல்லாம் கணக்கில் வந்தன. ஓர் ஊரின் பெருமையும், தடுக்க வந்து தண்டனை பெற்றவர்களின் மனசும் கணக்கில் வரவில்லை. அவற்றுக்கு அலகு இல்லை என்பதால் மதிப்பும் இல்லை என்று ஆகிவிடுமா? கணக்கு சரியாகத்தான் போட்டிருந்தார்கள். ஆனால் போட வேண்டிய ஒரு வரியை விட்டுவிட்டார்கள். விடை எப்படிச் சரியாக வரும்?

நேர்மையாகச் சொன்னால், இந்தத் தப்பு வெள்ளைக்காரர்களோடு முடிந்துவிடவில்லை. மாளிகைமேட்டில் புதைந்து கிடந்த சோழர் அரண்மனைச் செங்கல்லைத் தோண்டி வீடு கட்டியவர்கள் நம்மவர்களும்தான். கைக்கு எட்டியதைச் சரக்காகப் பார்க்கும் கண் எல்லா நாட்டிலும் உண்டு.

கோதாவரியின் கரையில்

காட்டனுக்கு உடம்பு அடிக்கடி படுத்தியது. ஓய்வுக்காக ஆஸ்திரேலியா போனவர், அங்கே அறிமுகமான எலிசபெத் லியர்மந்த் என்ற பெண்ணை 1841-ல் மணந்துகொண்டார். திரும்பி வந்ததும் விசாகப்பட்டினம் பக்கம் வேலை.

அங்கே கோதாவரி டெல்டாவின் நிலை படு மோசம். பஞ்சமும் வெள்ளமும் மாறி மாறி அடித்து, ராஜமுந்திரி மாவட்டத்தின் ஜனத்தொகை 1821-ல் சுமார் 7 லட்சத்து 38 ஆயிரமாக இருந்தது, 1841-ல் சுமார் 5 லட்சத்து 61 ஆயிரமாகக் குறைந்துவிட்டது. பெரிய ஆறு வாசலில் ஓடும்போதே மக்கள் பசியால் செத்தார்கள். ஊரை விட்டு ஓடினார்கள்.

தஞ்சையைப் போலவே இதுவும் டெல்டா; தஞ்சை செழித்தால் இதுவும் செழிக்கலாம் என்பது காட்டனின் வாதம். 1847-ல் தவளேஸ்வரத்தில் வேலை தொடங்கி 1852-ல் முடிந்தது. தீவுகளுக்கு இடையே நான்கு துண்டுகளாக, மொத்தம் சுமார் 12,000 அடி நீள அணை. அதற்கும் அடிப்படை கல்லணைப் பாடம்தான்: மணல்மேல் கல்லைக் கொட்டு, இறங்கவிடு, மேலும் கொட்டு. அடுத்து விஜயவாடாவில் கிருஷ்ணா அணையும் 1855-ல் முடிந்தது. காவிரிக் கரையில் பெயர் தெரியாதவர்கள் கண்டுபிடித்த உபாயம் இப்படி ஆந்திரத்துக்குச் சோறு போட்டது.

அவர் கட்டிய அணைக்குப் பதிலாக 1982-ல் எழுந்த புதிய அணைக்கும் காட்டன் பெயரையே வைத்திருக்கிறார்கள். கோதாவரிக் கரையில் ஊருக்கு ஊர் அவருக்குச் சிலை உண்டு.

தோற்றுப்போன கணக்கு

1860-ல் ஓய்வு பெற்றார். 1861-ல் சர் பட்டம் வந்தது. ஆனால் அதற்குப் பிறகு அவருக்குச் சறுக்கலும் வந்தது.

தஞ்சையிலும் கோதாவரியிலும் பலித்தது எங்கேயும் பலிக்கும் என்று நம்பினார். அவருடைய யோசனைப்படி, துங்கபத்திரையிலிருந்து கர்நூல், கடப்பைக்குக் கால்வாய் வெட்ட ஒரு தனியார் கம்பெனி முன்வந்தது. பெரும் பணம் செலவாயிற்று. எதிர்பார்த்த வருமானம் வரவில்லை. ஏன்? அது டெல்டா இல்லை. கரிசல் மண்ணில் மானாவாரிப் பயிர் செய்து பழகிய விவசாயிக்கு, மழை ஓரளவு பெய்கிற வருஷத்தில் காசு கொடுத்து வாய்க்கால் தண்ணீர் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. கடைசியில் 1882-ல் அரசாங்கம் அதை வாங்கிக்கொண்டது.

நோயாளி வேறு என்றால் மருந்தும் வேறு. கல்லணை முன்னால் கேட்ட அதே கேள்வியை, இது ஏன் இங்கே நிற்கிறது, அங்கே நிற்குமா என்ற கேள்வியை, அவர் கடப்பை விவசாயியிடம் போய்க் கேட்டிருக்க வேண்டும். வெற்றி பெற்றவருக்கு வரும் ஆபத்து இதுதான். தன் பழைய விடையையே புதுக் கேள்விக்கும் எழுதிவிடுவது.

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைப் பெரும் பஞ்சம் வாட்டியது. ரயிலுக்குக் கொட்டும் பணத்தைக் கால்வாய்க்குக் கொடுங்கள், நதிகளை இணையுங்கள் என்று காட்டன் ஓயாமல் எழுதினார், பேசினார். 1878-ல் பாராளுமன்றக் குழு ஒன்று அவரைக் கூப்பிட்டுக் குறுக்கு விசாரணை செய்தது. அவர் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கவில்லை. பட்டினிச் சாவைத் தடுக்க வேண்டும் என்ற அவருடைய தவிப்பு உண்மையானது. ஆனால் தவிப்பு உண்மையாக இருப்பதாலேயே கணக்கு உண்மையாகிவிடாது என்பதற்கும் அவருடைய வாழ்க்கையே சாட்சி.

கடைசிக் காலத்தில் இங்கிலாந்தில் டார்க்கிங் என்ற ஊரில் குடியிருந்தார். வயதான காலத்திலும் கை சும்மா இருக்கவில்லை. வீட்டுத் தோட்டத்தில் மண்ணை ஆழமாகக் கிளறி, கோதுமை விதைத்து, விளைச்சல் கூடுகிறதா என்று சோதனை செய்துகொண்டிருந்தார். 1899 ஜூலை 24-ஆம் தேதி, 96-ஆம் வயதில் காலமானார்.

நமக்கு என்ன?

தோழர்களே! ஆகவே காட்டன் நல்லவரா, கெட்டவரா என்று ஒரு மதிப்பெண் கேள்வியாகக் கேட்டால் இந்தக் கட்டுரையில் விடை கிடைக்காது. காவிரியைக் காப்பாற்றிய அணையும் உண்மை; பெயர்க்கப்பட்ட மதிலும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கக் கூடாது. இரண்டையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்க்கப் பழகுவதும் அறிவியல்தான்.

அறிவியல் என்றால் லேபும் கால்குலேட்டரும் மட்டும் என்று நினைக்கிறோம். பிராக்டிகல் முடிந்து கதவைச் சாத்தும்போது அதையும் உள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டு வந்துவிடுகிறோம். ஆனால் அது வேண்டியிருப்பது வெளியேதான்.

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று எத்தனை பேர் சொல்லக் கேட்டிருக்கிறோம்! வாட்ஸ்அப்பிலும் அது சுற்றிக்கொண்டே இருக்கிறது. நம்புவதற்கும் மறுப்பதற்கும் முன்னால் ஒரு நாள் சாயங்காலம் நாலு மணிக்கு அங்கே போய் நின்று பார்த்தால் போதாதா? நிழல் தரையில் நீளமாக விழுந்து கிடக்கும். அதனால் ராஜராஜன் பெருமை ஒரு குன்றிமணி அளவும் குறையாது. உண்மையான பெருமை இருக்கும்போது பொய்ப் பெருமை எதற்கு?

போர் போடும்போது உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்க ஆள் வருகிறார். அவர் சொன்ன இடத்தில் தண்ணீர் வந்தால் ஊரெல்லாம் பேசுகிறோம். வராமல் போன போர்களை யாராவது எண்ணினோமா? அவர் வேண்டாம் என்று சொன்ன இடத்தில் தோண்டிப் பார்த்தோமா? அவரைக் கேலி செய்ய வேண்டியதில்லை. ஒரு நோட்டை எடுத்து, ஊரில் போட்ட போர் ஒவ்வொன்றையும், வந்ததையும் வராததையும், ஆழத்தோடு எழுதிவைத்தால் போதும். நாலைந்து வருஷத்தில் அந்த நோட்டு நமக்கு நிறையச் சொல்லும்.

பார், ஏன் என்று கேள், சின்னதாகச் சோதித்துப் பார், தப்பு என்று தெரிந்தால் வெட்கப்படாமல் திருத்து. முக்கொம்பில் பலித்தது இந்த நாலும்தான். ஐந்தாவது ஒன்றை நம்ம ஊர் மதில் சொல்கிறது: கணக்கைக் கூட்டி முடிக்கும் முன், யாரை விட்டுவிட்டோம் என்று ஒருமுறை பார்.

நாளைக்கு நம்மில் பலர் ரோடு போடுவோம், பாலம் கட்டுவோம், எஸ்டிமேட் எழுதுவோம். பக்கத்தில் கிடக்கிற ஏதோ ஒன்று சுலபமான சரக்காக நம் கண்ணுக்கும் தெரியும். ஓர் ஏரிக்கரையாக இருக்கலாம், ஒரு பழைய ஆலமரமாக இருக்கலாம், நாலு குடிசையாக இருக்கலாம். தடுக்க வருகிறவர்கள் படிக்காதவர்களாகத் தோன்றலாம். அன்றைக்கு, 1836-ல் இந்த ஊரில் தடுத்துத் தோற்றுப்போன அந்த ஜனங்களை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்வோம்.

அடுத்த தடவை கும்பகோணம் போகும்போது அணைக்கரையில் ஐந்து நிமிஷம் இறங்கிப் பாருங்கள். தண்ணீர் வழிந்து ஓடும் அந்த இடத்தின் அடியில் நம் மதில் இருக்கிறது. அணையையும் வணங்கலாம், மதிலுக்காகவும் வருந்தலாம். இரண்டையும் சேர்த்துச் செய்ய நமக்குத் தெரிந்தால், பொறியியல் படித்ததற்கு அர்த்தம் உண்டு.